ஆறாவது பெயர்

ஓஹாயோ,
18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு இரவு

அன்புள்ள துரைராசு,

நலம், உன் நலமும் வீட்டாரின் நலமும் அறிய ஆவல். ஜூன் மாதம் நீ எழுதிய கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்கு வேலைப்பளுவைக் காரணம் காட்டலாம். ஆனால் உன்னிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. மனத்தில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது; அதை எழுதாமல் வேறு எதையும் எழுத வரவில்லை. தங்கையின் திருமணப் படங்கள் கிடைத்தன. மணி அண்ணன் இன்னும் அதே நீலச் சட்டையில்தான் நிற்கிறார் என்று கமலா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதை மறக்காமல் எழுது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஆகஸ்டில் எங்கள் பள்ளி அணியில் ரன்னிங் பேக் இடத்துக்கு ஏழு பையன்கள் வந்தார்கள். பந்தை வாங்கிக்கொண்டு எதிரணியின் பதினொரு பேரையும் கடந்து முன்னேற வேண்டிய இடம் அது. அமெரிக்கக் கால்பந்தை ‘ஹெல்மெட் போட்ட கபடி’ என்று நீ சொல்வாயே, அந்தப் பெயர் இந்த இடத்துக்குத்தான் முழுக்கப் பொருந்தும். ஏழு பேரையும் வரிசைப்படுத்தும் பொறுப்பைத் தலைமைப் பயிற்சியாளர் என்னிடம் ஒப்படைத்தார். நான் அவர்களை 40 யார்டு, அதாவது சுமார் 36.6 மீட்டர், நேர்கோட்டில் ஓட விட்டேன். தரையில் கூம்பு போல வைத்த கோன்களைச் சுற்றி ஓட விட்டேன். நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதிக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்து, கூட்டி, வரிசை போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆறாவது பெயராக வந்தவனுக்கு அப்போது 15 வயது. 40 யார்டுக்கு 5.1 விநாடி எடுத்துக்கொண்டான். அந்தப் பருவம் முழுவதும் அவன் ஓர் ஆட்டத்தில்கூட இறக்கப்படவில்லை. அக்டோபரில் தோளில் போடும் ஷோல்டர் பேடைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவன் போனது எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

இந்த ஜூலையில் ஒரு மாலை, வீட்டருகே உள்ள பூங்காவில் அவனைப் பார்த்தேன். ஏழெட்டுச் சிறுவர்களோடும் அவன் வயதுடைய இரண்டு பேரோடும் பந்தை வைத்துக்கொண்டு தொட்டுப் பிடிக்கும் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்து இருபது நிமிடம் பார்த்தேன். ஒருவனாலும் அவனைத் தொட முடியவில்லை. அவன் வேகமாக ஓடவில்லை, துரைராசு. எதிரே வருபவனை நெருங்கும்போது அடியைச் சுருக்கிக்கொண்டான். பார்வையை அவன் முகத்தில் வைக்காமல் இடுப்பில் வைத்தான். இடது தோளை மட்டும் ஒரு விரற்கடை சாய்த்தான். எதிராளியின் எடை வலது காலில் இறங்கிய அந்தக் கணத்தில், இனி அவனால் உடனே திரும்ப முடியாது என்று தெரிந்த பிறகே, மறுபக்கம் கடந்து போனான். அடுத்தவன் அந்தச் சாய்வுக்கு ஏமாறாமல் நின்றபோது இவனும் ஏறக்குறைய நின்றே விட்டான். அவன் பொறுமையிழந்து பாயும் வரை காத்திருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் அருகே போய், ஏன் பயிற்சிக்கு வருவதில்லை என்று கேட்டேன். “எனக்கு வேகம் இல்லை என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?” என்றான். குற்றம் சாட்டும் குரல் இல்லை; மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் செய்த பிழை எனக்கு மட்டும் உரியதன்று என்பதால்தான் இது இவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி இறுதியை ஒட்டி இண்டியானாபொலிஸ் நகரில், இந்நாட்டின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லின் தேர்வு முகாம் நடக்கிறது. 1987 முதல் அதே ஊர்தான். நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் வந்து, எதிராளி யாருமின்றி 40 யார்டு ஓடுகிறார்கள்; கோன்களைச் சுற்றுகிறார்கள்; 225 பவுண்டு எடையைப் படுத்துத் தூக்குகிறார்கள். 2017இல், எறியப்படும் பந்தைப் பிடிக்கும் இடத்தில் ஆடும் ஜான் ராஸ் என்ற வீரர் 40 யார்டை 4.22 விநாடியில் ஓடி, அதுவரை இருந்த 4.24 என்ற முகாம் சாதனையை முறியடித்தார். எங்கள் மாநிலத்து சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி, எல்லா அணிகளும் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வில், அவரை ஒன்பதாவது ஆளாக எடுத்தது. காயங்கள் அவரை விடாமல் துரத்தியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் முதல் பருவத்தில் அவர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. அதே முகாமில் அதே தூரத்தை 4.62 விநாடியில் ஓடிய கூப்பர் கப், 69வது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். அவர்தான் 2021 பருவத்தில் 145 பந்துகளைப் பிடித்து, 1,947 யார்டும் பந்தை எல்லைக்கு அப்பால் கொண்டு சேர்க்கும் டச் டவுன் 16ம் சேர்த்து, மூன்றிலும் முதலிடம் பெற்றார். 2022 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் என்னும் இறுதி ஆட்டத்தில், ஆட்டம் முடிய 1 நிமிடம் 25 விநாடி இருக்கும்போது வெற்றிக்கான பந்தைப் பிடித்தவரும் அவர்தான். தோற்ற அணி எது தெரியுமா? சின்சினாட்டி. 4.22க்கும் 4.62க்கும் இடையே உள்ள 0.40 விநாடியைத்தான் நாங்கள் எல்லோரும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

பூங்காவிலிருந்து திரும்பியது முதல் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் என்ற ரஷ்ய அறிஞரைப் பற்றி நம் வகுப்பில் யாருமே சொல்லவில்லை என்பது எனக்கு இப்போது வருத்தமாக இருக்கிறது. 1920களில் மாஸ்கோவில், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளிகளின் உடலில் சிறு விளக்குகளைப் பொருத்தி அவர் படமெடுத்தார். சுத்தியல் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடிக்கும் வேறு வேறு விதமாக ஒத்துழைத்தன. பயிற்சி என்பது கிடைத்த விடையைத் திரும்பத் திரும்ப ஒப்பிப்பதன்று, விடை காணும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது என்று அவர் வந்து சேர்ந்த முடிவு, முப்பது ஆண்டுகளாக நான் விசில் ஊதிச் சொல்லிக்கொடுத்த முறைக்கு நேர் எதிரானது. எல்லோரும் ஒரே மாதிரி காலை வைக்க வேண்டும், ஒரே மாதிரி திரும்ப வேண்டும் என்றுதானே நானும் நீயும் கற்றோம், கற்பித்தோம்?

கோன் ஓட்டத்தில் எங்கே திரும்ப வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். கோன் நகராது, ஏமாற்றாது. ஷெப்பர்டு, யங் என்ற இரண்டு விளையாட்டு ஆய்வாளர்கள் 2006இல் சுறுசுறுப்பு என்பதற்கே புதிய இலக்கணம் சொன்னார்கள்: கண்ணுக்கு எதிரே நிகழும் ஒன்றுக்கு மறுமொழியாக வேகத்தையோ திசையையோ மாற்றினால்தான் அது சுறுசுறுப்பு, மற்றது வெறும் திசைமாற்றம். அந்த இலக்கணத்தின்படி பார்த்தால், சென்ற ஆண்டு நான் அந்த ஏழு பேரின் சுறுசுறுப்பை அளக்கவே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே சிக்கலுக்கு ஒரே சரியான அசைவு என்று எதுவும் இல்லை. டெட்ராய்ட் அணிக்கு ஆடிய பேரி சாண்டர்ஸ் 1997இல் 2,053 யார்டு ஓடியவர். எதிராளிகள் வழியை அடைத்தால் பின்னால் வந்து, சுழன்று, களத்தின் மறுகோடிக்கே போய்விடுவார். சில முறை அதனால் யார்டுகளை இழந்தும் இருக்கிறார். பிட்ஸ்பர்கில் ஆடிய லெவியான் பெல் என்பவரோ, பந்தை வாங்கிய பின் தன் ஆட்களின் முதுகுக்குப் பின்னால் கிட்டத்தட்ட நடந்துகொண்டே, இடைவெளி திறக்கும் வரை காத்திருப்பார். இருவருக்கும் உடல் வேறு, பார்வை வேறு, விடையும் வேறு. ஒருவரின் அசைவை அச்சாக வைத்து மற்றவரை அளந்திருந்தால் இருவரில் ஒருவரை நிச்சயம் இழந்திருப்போம்.

பையனை நானே வீட்டுக்குப் போய் அழைத்து வந்தேன். அவன் அம்மா முதலில் கதவருகிலேயே நிறுத்திப் பேசினார், அதில் தவறில்லை. கடந்த செவ்வாயன்று 10 யார்டுக்குப் 10 யார்டு சதுரம் ஒன்றைக் கோடு போட்டு, ஒரு பக்கம் பந்து வைத்திருப்பவன், மறுபக்கம் தடுப்பவன் என்று நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்புக் கொடுத்தேன். தடுப்பவனிடம் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு விதமாக வரச் சொன்னேன். எங்கள் அணியின் மிக வேகமான பையன், 4.6 விநாடிக்காரன், மூன்று முறையும் ஒரே பொய்யடியை வைத்தான்: வலப்பக்கம் இரண்டு எட்டு, பிறகு இடது. முதல் முறை தப்பினான். அடுத்த இரண்டு முறையும் பிடிபட்டான். ஆறாவது பெயர்க்காரனோ, தடுப்பவன் மெதுவாக வந்தபோது வெளிப்பக்கம் ஓடினான். பாய்ந்து வந்தபோது அவன் பாய்ச்சலையே பயன்படுத்தி உட்பக்கம் வெட்டினான். நின்றுகொண்டு அசையாமல் இருந்தபோது தானும் நின்று, அவனை முதலில் அசைய வைத்தான். மூன்றாவது முறை அவனும் பிடிபட்டான், ஆனால் கோட்டை எட்டிய பிறகு. அன்று நான் ஸ்டாப் வாட்சைப் பையிலேயே வைத்திருந்தேன்; தடுப்பவனின் அசைவுக்கும் இவன் மறுமொழிக்கும் இடையே என்ன மாறுகிறது என்பதை மட்டுமே எழுதினேன்.

தலைமைப் பயிற்சியாளர் நல்ல மனிதர். அவருடைய மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வேகம் என்பது பொய்யன்று என்கிறார். திறந்த வெளி கிடைத்தால் 4.6 விநாடிக்காரனை யாரும் பிடிக்க முடியாது, 5.0 விநாடிக்காரனைப் பிடித்துவிடுவார்கள். உண்மைதான், வேகமும் ஒரு விடைதான், வேகம் இருப்பவனுக்குத் தெரிவு செய்யக் கூடுதல் வழிகள் இருக்கின்றன. ஆனால் அவர் சொன்ன இரண்டாவது காரணம்தான் என்னை நான்கு நாட்களாக அரித்துக்கொண்டிருக்கிறது. கடிகாரத்துக்கு யாருடைய மகன் என்பது தெரியாது, உன் கண்ணுக்குத் தெரியும் என்றார். நான் ஒரு பையனுக்குச் செய்த தவற்றைச் சரிசெய்ய வேண்டும் என்ற ஆசையே என் கண்ணைச் சாய்த்திருக்காதா என்றும் கேட்டார். பதில் சொல்ல முடியாமல் வந்துவிட்டேன். நம் காலத்தில் ஆளைப் பார்த்து, சாதியைப் பார்த்து, யார் சிபாரிசு என்று பார்த்துத் தேர்வு செய்த திடல்களில் கடிகாரம் ஒன்றே ஏழைப் பையனுக்குத் துணையாக இருந்தது என்பதை நீயும் நானும் மறக்கக் கூடாது.

ஆனால் அதே கடிகாரம் உனக்கு என்ன செய்தது என்பதையும் நான் மறக்கவில்லை. 100 மீட்டர் நேரம் போதவில்லை என்று உன்னை ஒரு கபடித் தேர்விலிருந்து அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை அதே திடலின் ஓரத்தில், தேர்வான நான்கு பேரும் சேர்ந்து உன்னைச் சுற்றி வளைத்தபோது, நீ மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எல்லைக்கோட்டுக்குத் திரும்பி வந்தாய். பெரியசாமி சார் ஒன்றும் பேசாமல் டீ வாங்கிக் கொடுத்தார். அன்று நீ எந்தக் காலை நம்பினாய், எவன் கை தளரும் என்று எப்படித் தெரிந்துகொண்டாய் என்று நான் உன்னிடம் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். உன் மகளிர் அணிக்கு ரெய்டு போகும் பெண்ணை நீ எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறாய்? வழக்கம்போல ‘கண்ணைப் பார்த்தால் தெரியும்’ என்று எழுதி முடித்துவிடாதே. அந்தப் பதிலை உன் மாணவிகளிடமே வைத்துக்கொள்.

ஓர் உதவியும் செய்ய வேண்டும். செவ்வாய்க்கிழமைப் பயிற்சியின் காணொளியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பெற்றோர்களிடம் அனுமதி வாங்கிவிட்டேன். சட்டை எண்களை மறைத்திருக்கிறேன். எல்லோரும் ஹெல்மெட் போட்டிருக்கிறார்கள். பெயரோ, ஓட்ட நேரமோ, யார் மகன் என்பதோ உனக்குத் தெரியாது. நான் இந்தக் கடிதத்தில் சொன்னவன் யார் என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக, அவனுடைய மேற்சொன்ன மூன்று முயற்சிகளை நீக்கிவிட்டு, வியாழக்கிழமை எடுத்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். தலைமைப் பயிற்சியாளரும் இதற்கு ஒப்புக்கொண்டார். இந்த ஆண்டு ஐந்து பேர்தான். பார்த்து, ஒன்று முதல் ஐந்து வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொருவனுக்கும் இரண்டு வரி காரணம் எழுது. உன் வரிசையில் அவன் ஐந்தாவதாக வந்தாலும் அப்படியே பயிற்சியாளரிடம் கொடுத்துவிடுவேன்.

புதன்கிழமை மாலை பட்டியல் ஒட்டப்படும். செவ்வாய் இரவுக்குள் உன் பதில் வந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம்.

அன்புடன்,
ராமநாதன்