பேரிடர் எச்சரிக்கையும் ஆயத்தமும் தமிழ் முதியோரை எட்டச் செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
சாண்டா கிளாரா கவுண்டியில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர்,
சான் ஹோசே, சன்னிவேல், கூப்பர்டினோ, மில்பிடாஸ்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அவசரகால மேலாண்மை அலுவலகம்,
சாண்டா கிளாரா கவுண்டி, கலிபோர்னியா.

பொருள்: நிலநடுக்கம், வெள்ளம், காட்டுத்தீ ஆகியவை குறித்த முன்னறிவிப்பையும் பயிற்சியையும் தமிழில் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். பணியின் பொருட்டு இக்கவுண்டியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம். இதில் கையொப்பமிட்டுள்ள முதியோர் பலர் தமிழில் மட்டுமே படிக்கக்கூடியவர்கள் என்பதால் மனு தமிழில் எழுதப்பட்டுள்ளது; இதன் ஆங்கில வடிவம் தங்கள் பார்வைக்காக இணைக்கப்பட்டுள்ளது.

எங்கள் கோரிக்கையின் சாரம் ஒன்றே. இக்கவுண்டியை எதிர்நோக்கும் ஆபத்துகள் ஏற்கெனவே ஆராயப்பட்டு, அளக்கப்பட்டு, வரைபடமாக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்த அறிவு, பகல் நேரத்தில் வீட்டில் இருப்பவர்களைச் சென்றடைவதில்லை. அவர்களைச் சென்றடைய வழிசெய்ய வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

2014 முதல் 2043 வரையான காலத்தில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 6.7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவுள்ள நிலநடுக்கம் ஒன்றேனும் நிகழ 72 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை மதிப்பிட்டுள்ளது. இக்கவுண்டியின் கிழக்குப் பக்கத்தில் செல்லும் கலவேராஸ் நிலநடுக்கப் பிளவுக்கு மட்டும் அதே காலத்துக்கு 26 விழுக்காடு வாய்ப்பு கணிக்கப்பட்டுள்ளது. 1984 ஏப்ரலில் மோர்கன் ஹில்லை 6.2 அளவில் உலுக்கியது அந்தப் பிளவுதான். சாண்டா குரூஸ் மலைகளில் மையம் கொண்டு 63 உயிர்களைப் பறித்த 1989 அக்டோபர் 17 லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தை இங்குள்ள மூத்த குடிமக்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எங்களில் பெரும்பாலோர் அதற்குப் பின்பு வந்தவர்கள். விரிகுடாவை ஒட்டிய ஆல்விசோ போன்ற தாழ்நிலங்களில், நீர் ஊறிய மண் குலுக்கலில் கூழாகித் தாங்குதிறனை இழக்கும் என்பதையும் பொறியாளர்கள் அறிவார்கள். அந்த மண்ணின் மேல் வீடு வாங்கியவர்கள் எத்தனை பேர் அறிவார்கள் என்பதே எங்கள் கேள்வி.

வெள்ளத்தைப் பொறுத்தவரை 2017 பிப்ரவரி 21 ஒரு பாடம். ஆண்டர்சன் அணை நிரம்பி, அதன் வழிந்தோடியில் இறங்கிய நீர் கொயோட்டி ஓடையின் கரைகளைத் தாண்டி சான் ஹோசே குடியிருப்புகளுக்குள் புகுந்தது. ஏறத்தாழ 14,000 பேர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர். ராக் ஸ்பிரிங்ஸ் பகுதி மக்களில் பலர், தீயணைப்பு வீரர்கள் படகில் வந்த பிறகே தங்களுக்கு நிலைமை புரிந்ததாகத் தெரிவித்தனர். எச்சரிக்கை உரிய நேரத்தில் சேரவில்லை என்பதை நகர மேயரே பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னையில் வீட்டுக்குள் புகக் கண்டவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். நிரம்பிய ஏரிக்குக் கீழே குடியிருப்பது என்றால் என்னவென்று அவர்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. இந்த ஊரில் எந்த ஓடைக்குக் கீழே தாங்கள் இருக்கிறோம் என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரியாது.

ஆண்டர்சன் அணையின் நீர்மட்டம் நிலநடுக்கப் பாதுகாப்புக் காரணமாக, மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி 2020 முதல் தாழ்த்தப்பட்டு, சீரமைப்புப் பணி நடந்துவருவதை நன்றியுடன் குறிப்பிடுகிறோம். அணையைச் சீரமைக்கும் பொறுப்பு எங்களுடையது அன்று. அதன் கீழே வாழும் முதியோரை ஆயத்தப்படுத்துவதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

தாங்கள் அருள்கூர்ந்து கருத்தில் கொள்ள வேண்டிய நிலைமை இது. ஒரு வார நாளின் காலை பத்து மணிக்கு எங்கள் வீடுகளில் இருப்பவர்கள், ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்த பெற்றோரும் பள்ளி வயதை எட்டாத பேரக்குழந்தைகளும்தான். மகனும் மகளும் அலுவலகத்தில் இருப்பார்கள், கார் அவர்களோடு போயிருக்கும். தாத்தாவின் கையில் இருப்பது பெரும்பாலும் மகனின் பழைய கைப்பேசி. சிம் அட்டை இல்லாமல் வீட்டு வைஃபையில் ஓடும் அதில் வாட்ஸ்அப் வரும், ஆனால் கைப்பேசிக் கோபுரங்கள் வழியே பரப்பப்படும் அவசர எச்சரிக்கைக்கு அதை நம்பியிருக்க முடியாது. சிம் உள்ளவர்களுக்கும் எச்சரிக்கை உரத்த ஒலியோடு ஆங்கிலத்தில் வந்து விழும். அறிமுகமில்லாத ஆங்கிலச் செய்தி எதுவானாலும் அது பண மோசடியாக இருக்கும், தொடாதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லிவைத்திருப்பதும் நாங்களே. எனவே அவர்கள் அதை அணைத்துவிட்டு வேலையைப் பார்ப்பதில் வியப்பில்லை.

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள் எச்சரிக்கைச் செய்திகள் பற்றியது. மத்திய தகவல் தொடர்பு ஆணையம் கைப்பேசி அவசர எச்சரிக்கைகளுக்கு முன்கூட்டியே மொழிபெயர்க்கப்பட்ட மாதிரிச் செய்திகளை வகுத்து 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆணையில் இந்தி, வியட்நாமியம், தகலாக் உள்ளிட்ட மொழிகள் இடம்பெற்றுள்ளன, தமிழ் இல்லை. அந்தப் பட்டியலை மாற்றுவது தங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்பதை அறிவோம். ஆனால் கவுண்டி தன் அலெர்ட்எஸ்சிசி சேவை வழியே அனுப்பும் செய்திகள் தங்கள் கையில் இருப்பவை. ஆபத்து வந்த பின் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதில் பயனில்லை. வெளியேறத் தயாராக இருங்கள், உடனே வெளியேறுங்கள், மாடிக்குச் செல்லுங்கள், குழாய் நீரைக் குடிக்க வேண்டாம் என்பன போன்ற ஒரு சில செய்திகளே திரும்பத் திரும்ப வருபவை. அவற்றை அமைதியான காலத்திலேயே தமிழில் எழுதி, எழுத்தாகவும் குரல் பதிவாகவும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டுகிறோம். குரல் பதிவு மிகவும் அவசியம். கண் பார்வை மங்கிய பாட்டி சிறு எழுத்தைப் படிக்கமாட்டார், தமிழில் ஒலிக்கும் குரலைக் கேட்டால் எழுந்துவிடுவார்.

இரண்டாவது, ஆபத்து பற்றிய தகவல். வீடு விற்பவர் அது வெள்ளப் பகுதியிலோ, அணை உடைந்தால் மூழ்கும் பகுதியிலோ, தீ அபாய மண்டலத்திலோ, நிலநடுக்கப் பிளவு மண்டலத்திலோ இருக்கிறதா என்று வாங்குபவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது கலிபோர்னியச் சட்டம். அந்தத் தாள், கையெழுத்திட வேண்டிய நூறு தாள்களுக்கு நடுவே வந்து, கையெழுத்தானதும் கோப்புக்குள் போய்விடுகிறது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. வெள்ள அபாயம் பற்றி வீட்டு உரிமையாளர் தமக்குத் தெரிந்ததை ஒப்பந்தத்தில் குறிப்பிட வேண்டும் என்ற அளவில் சட்டம் நின்றுவிடுகிறது. முகவரியைச் சொன்னால், அந்த வீட்டுக்குரிய அபாயங்களையும் வெளியேற்ற மண்டல எண்ணையும் ஒரே பக்கத்தில் தமிழில் தரும் ஏற்பாடு ஒன்றைச் செய்து தர வேண்டுகிறோம். அந்தப் பக்கம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்படும் என்பதற்கு நாங்கள் உறுதி.

மூன்றாவது, பயிற்சி. இருக்கும் ஆங்கிலத் துண்டறிக்கையை வரிக்கு வரி மொழிபெயர்த்தால் போதாது என்பது எங்கள் தாழ்மையான கருத்து. எங்கள் பெற்றோர் பேரிடர் அறியாதவர்கள் அல்லர். 2004 ஆழிப்பேரலையைக் கண்ட தலைமுறை அது. ஆனால் அவர்கள் கற்ற பாடம் வேறு. செங்கல் வீடு இடியும் என்று அஞ்சி, நிலம் ஆடினால் வெளியே ஓட வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றும். இங்கோ மரச்சட்ட வீட்டுக்குள் மேசைக்கு அடியில் தாழ்ந்து, தலையை மறைத்து, மேசைக் காலைப் பற்றிக்கொள்வதே பாதுகாப்பு. ஓடுபவர்தான் உதிரும் கண்ணாடியிலும் ஓட்டிலும் அடிபடுகிறார். இதைக் காரணத்தோடு எடுத்துச் சொன்னால்தான் மனம் ஏற்கும். ஆட்டம் நின்றபின் எரிவாயு வாடை அடித்தால் மின்விசையைத் தொடக்கூடாது, வீட்டுக்கு வெளியே உள்ள வால்வை மூட வேண்டும், மூடியதைத் தாமாகத் திறக்கக்கூடாது என்பதை ஆங்கிலத் துண்டறிக்கைகள் சொல்கின்றன. பூஜை மாடத்தில் காலையும் மாலையும் விளக்கு எரியும் வீட்டில் முதல் அறிவுரை அந்த விளக்கைப் பற்றியதாக இருக்க வேண்டாமா? அப்படியொரு வரியை எங்கும் நாங்கள் கண்டதில்லை.

பேரிடரில் அக்கம்பக்கத்தவருக்கு உதவக் கற்பிக்கும் சமூக அவசர உதவிக் குழுப் பயிற்சியை வார இறுதிகளில் தமிழில் நடத்த ஒரு பயிற்றுநரை அனுப்பினால், இடமும் மொழிபெயர்க்கும் தன்னார்வலர்களும் எங்கள் பொறுப்பு. வால்வை மூடும் குறடு எப்படிப் பிடிக்கப்படுகிறது என்பதைத் தாத்தாக்கள் கையில் கொடுத்தே கற்பிக்க வேண்டும். படம் காட்டினால் போதாது.

நான்காவது வேண்டுகோள் சுருக்கமானது. 2000ஆம் ஆண்டின் பேரிடர் தணிப்புச் சட்டப்படி, பேரிடர் பாதிப்பைக் குறைப்பதற்கான மத்திய தணிப்பு நிதி பெற உள்ளூர்த் தணிப்புத் திட்டங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும், அதில் பொதுமக்கள் பங்கேற்க வாய்ப்பளிக்கப்பட வேண்டும். கலிபோர்னியாவில் 2019இல் சட்டமான செனட் மசோதா 160, கவுண்டிகளின் அவசரகாலத் திட்டங்களில் பல்வேறு பண்பாட்டு மக்களின் தேவைகளும் இடம்பெற வேண்டும் என்கிறது. அடுத்த புதுப்பிப்பின்போது தமிழ்க் குடும்பங்களையும், குறிப்பாக முதியோரையும், கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு அழைக்குமாறும், மேற்கண்ட ஏற்பாடுகள் நடைமுறையில் வேலை செய்கின்றனவா என்று ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபரில் நடக்கும் ஷேக்அவுட் நிலநடுக்க ஒத்திகையோடு சேர்த்துச் சோதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இவை குறித்துத் தங்களை நேரில் சந்தித்து விளக்க ஒரு நாளும் நேரமும் ஒதுக்கித் தருமாறும், இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம். வார நாளின் பகல் நேரமாக அமைந்தால் நன்று; கையொப்பமிட்ட முதியோரையே அழைத்துவர இயலும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சாண்டா கிளாரா கவுண்டித் தமிழ்க் குடும்பத்தினர்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், மனுவின் ஆங்கில வடிவம், தமிழில் தேவைப்படும் எச்சரிக்கைச் செய்திகளின் மாதிரி வரைவு.