சனிக்கிழமை புணைப்பு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நெசவு கற்றுக்கொண்டதை ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டு எழுதி அனுப்புங்கள், காலேஜில் கேட்கிறார்கள் என்று போனில் சொன்னாய் அல்லவா? உன் பழைய நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு மூன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். நான்காம் எண்ணைத் தாண்டவில்லை. 'நாடாவை எறிந்து பலகையை அடிக்க வேண்டும்' என்பது நான்காவது. (உன் கூடப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நாடா என்பது குறுக்கு இழையைக் கொண்டுபோகிற கட்டை, பலகை அந்த இழையை நெருக்கி அடிப்பது.) எவ்வளவு பலமாக அடிப்பது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? ஆனி மாதத்து அடி வேறு, ஐப்பசி மழையில் அடிக்கிற அடி வேறு. அம்மா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைப் படித்துவிட்டு எவனாவது தறியில் உட்கார்ந்தால் பாவு அறுந்து தொங்கும்" என்று சிரித்தாள். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகள். அதனால் வரிசையை விட்டுவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன், உனக்கு வேண்டியதை நீயே எடுத்துக்கொள்.

நான் தறிப் பக்கம் போனபோது எனக்கு ஒன்பது வயது. முதல் ஆறு மாதம் தார் சுற்றியதுதான், அதாவது நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் குறுக்கு இழையைச் சுற்றுவது. ராட்டையைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கும். தார் இறுக்கமாக இருந்தால் இழை அறுகும், தளர்ந்தால் நாடாவுக்குள்ளேயே சுருண்டுகொள்ளும். யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. நான் சுற்றிய தாரை ஏற்றி நெய்பவர் நடுவில் நாடாவை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்து பயந்தே கைக்குப் பதம் வந்தது.

அப்புறம் கோர்வைக்கு, அதாவது கரையை உடலோடு கோர்த்து நெய்கிற வேலைக்கு, உட்கார வைத்தார்கள். நம் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் மூன்று நாடா ஓட வேண்டும். இடது கரையையும் உடலையும் நெய்பவர் பார்த்துக்கொள்வார், வலது கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நான். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் நாடாவைத் தள்ளாமல் விட்டுவிட்டேன். கரையும் உடலும் கோர்க்கிற இடத்தில் வாய் பிளந்தது போல ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. அவர் அதைக் கவனிப்பதற்குள் நாலு விரற்கடை நெய்தாகிவிட்டது. அத்தனையையும் இழை இழையாகப் பிரித்தோம். நெய்வதை விடப் பிரிப்பதில்தான் துணி எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. இப்போது உன் வகுப்பில் யாராவது கேட்டால் சொல், முதலில் பிரிக்கச் சொல்லுங்கள் என்று.

ஆனால் நீ எனக்குப் படித்துக் காட்டிய கட்டுரையில் 'குருகுலம் போன்ற கற்றல்' என்று ஒரு வரி இருந்ததே, அதை அடித்துவிடு. அது குருகுலம் இல்லை, கடன். உன் தாத்தா வாங்கிய முன்பணத்துக்கு நான் அங்கே உட்கார்ந்தேன். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் போயிற்று. முதுகில் அடியும் வாங்கியிருக்கிறேன். குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986இல். அதற்குப் பிறகும் இந்தத் தெருக்களில் எத்தனையோ பிள்ளைகள் கோர்வைக்கு உட்கார்ந்தார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கை வேலை கற்ற கதை என்று அழகாக எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்துவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. உன்னை ஒரு நாளும் தறிக்குழியில் இறக்காததற்கு இதுதான் காரணம். தொழில் மேல் கோபம் என்று நீ நினைத்திருந்தாய்.

சின்ன வயதில் பிடித்தால்தான் கை வளையும் என்பார்கள் பெரியவர்கள். நானும் கொஞ்ச நாள் நம்பினேன். உன் அம்மாவைப் பார்த்த பிறகு நம்பிக்கை போய்விட்டது. அவள் உத்திரமேரூர்ப் பக்கம் பயிர் வைக்கிற வீட்டுப் பெண். கல்யாணமாகி இங்கே வரும்போது இருபத்திரண்டு வயது. தறியின் சத்தத்தில் முதல் வாரம் தூக்கமே வரவில்லை அவளுக்கு. எதிர்வீட்டுப் பெரியம்மாதான் ஒரு மத்தியானம், "சும்மாதானே இருக்கிறாய், இந்த முனையைப் பிடி" என்று புணைப்பில் உட்கார வைத்தாள்.

புணைப்பு உனக்குத் தெரியும், ஆனால் உன் கூடப் படிப்பவர்களுக்குத் தெரியாதே. தறியில் பழைய பாவு தீரும்போது புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு விரலால் முறுக்கிச் சேர்ப்பது. ஆயிரக்கணக்கில் இழை. விரலில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, ஒரு திருகு, ஒரு மடிப்பு. பத்துப் பேர் முறுக்கினாலும் எல்லா முறுக்கும் அச்சில், அதாவது இழைகளைப் பிரித்து நிறுத்துகிற சீப்பு போன்ற சட்டத்தில், தடைபடாமல் நுழைய வேண்டும். அம்மா முதல் நாள் முறுக்கியதில் பாதி அவிழ்ந்துவிட்டது. பெரியம்மா திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவிழ்ந்ததை மட்டும் தானே முறுக்கிக்கொண்டு, தன் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் பேச்சும் முறுக்கும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். ஒரு வருஷத்தில் எனக்குக் கோர்வைக்கு உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் நான் நிறுத்துவதற்கு முன்னால் அவள் நிறுத்திவிடுவாள். இழை அறுந்தது எனக்குக் கண்ணில் படும், அவளுக்குக் காதில் விழும்.

தெருவில் பாவு போடுவது உனக்கு நினைவிருக்கிறதா? விடியற்காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுவோம். மூன்று சேலைக்கான நீளம், ஒரு வீட்டு ஆட்களால் ஆகாது. யார் வீட்டுப் பாவானாலும் அந்தத் தெருவே வந்து நிற்கும், கூலி கிடையாது, காபி மட்டும். நான் நெசவாளி ஆனது தறியில் இல்லை, அந்தத் தெருவில்தான் என்று இப்போது தோன்றுகிறது. தறியில் ஒருவர் கையைத்தான் பார்க்க முடியும். தெருவில் பத்துக் கை. ஒருவர் முடிச்சு சின்னதாக இருக்கும், இன்னொருவர் கஞ்சியின் பதத்தை மோந்தே சொல்வார், மேகத்தைப் பார்த்து "இன்று வேண்டாம்" என்பதற்கென்றே ஒரு தாத்தா இருந்தார். அவர் சொல்லைக் கேட்காமல் ஒரு முறை பாவு போட்டு மழையில் நனைந்தோம். அன்றிலிருந்து நானும் மேகம் பார்க்கிறேன்.

சேலையின் முந்தி நெய்வது எனக்குக் கைவருவதற்குப் பத்து வருஷம் ஆயிற்று. உடலின் பாவு ஒரு நிறம், முந்தியின் பாவு வேறு நிறம் என்றால் இரண்டையும் இழைக்கு இழை சேர்க்கிற பெட்னி இருக்கிறதே, அதை இந்தத் தாளில் எழுதப் போவதில்லை. முழங்கையால் காட்ட வேண்டியது அது.

இப்போது தெருவில் பாவு போடுவது குறைந்துவிட்டது. வண்டி நிற்கிறது, ஆளும் இல்லை. கற்றுக்கொள்ள வருகிறவர்களை விட, கேமராவோடு வருகிறவர்கள் அதிகம். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் படம் பிடிக்கிறவர் கையில் ஒரு முனையைக் கொடுத்தால் உடனே கூச்சப்படுகிறார், கெட்டுவிடுமோ என்று. கெட்டால் கெடட்டும், பிரித்துக்கொள்ளலாம் என்று சொன்னால் நம்புவதில்லை.

வெள்ளிக்கிழமை புதுப் பாவு வருகிறது. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. சனிக்கிழமை காலையில் புணைப்பு, பெரியம்மாவும் வருகிறாள், கண் மங்கினாலும் விரல் மங்கவில்லை. வெள்ளி ராத்திரி பெங்களூரில் பஸ் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடலாம். உடல் பக்கம் ஒரு சாண் உனக்கு விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். நகத்தை வெட்டிக்கொண்டு வா, பட்டு சிக்கும்.

அன்புடன்,
அப்பா