காஸ்பியனில் வலையை மட்டும் தடுத்தால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம். காஸ்பியன் கடல் வற்றுவது பற்றிய தங்கள் தலையங்கம் நீர்மட்டத்தோடு நின்றுவிட்டது. மீன்களையும் சேர்த்துப் பேசியிருக்கலாம். ரஷ்யா, கஜகஸ்தான், துர்க்மெனிஸ்தான், ஈரான், அஜர்பைஜான் ஆகிய ஐந்து நாடுகளும் 2014இல் கேவியர் என்னும் விலையுயர்ந்த முட்டைக்குப் பேர்போன ஸ்டர்ஜன் மீனை வணிகத்துக்காகப் பிடிப்பதை நிறுத்தின. சரி, ஆனால் முட்டையிட ஆற்றில் ஏறும் அந்த மீனை காஸ்பியனில் கலக்கும் வோல்கா ஆற்றின் அணைகள் மறிக்கும்போது வலையைத் தடுப்பது பாதி வேலைதான். 1990களின் இறுதியில் கப்பல்களின் அடித்தொட்டி நீரோடு (கப்பல் நிலையாக மிதக்க ஏற்றும் நீர்) வந்ததாகக் கருதப்படும் சீப்பு ஜெல்லி என்னும் ஜெல்லிமீன் போன்ற உயிரி, கில்கா என்னும் சிறுமீனின் இரையைத் தின்று தீர்த்தது. கில்கா சரிந்தது, அப்புறம் அதை நம்பியிருந்த சீல் என்னும் கடல்நாய்களுக்கும் உணவு குறைந்தது.

நான் காஸ்பியன் கரையிலுள்ள அஜர்பைஜான் தலைநகர் பாகூவில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே சந்தையில் மீன் விற்ற பெரியவர், ஒரு காலத்தில் கில்காவைக் கூடை கூடையாகக் கொட்டி விற்றதை, நான் போகும்போதெல்லாம் கண்கலங்கச் சொல்வார். காஸ்பியன் கடல் சூழலைக் காக்க 2003இல் கையெழுத்தான தெஹ்ரான் உடன்படிக்கை ஐந்து நாடுகளையும் ஏற்கெனவே ஒன்றாக உட்கார வைத்திருக்கிறது. மீன்பிடி அளவை முடிவு செய்யும்போதே, வசந்தகாலத்தில் அணைகளிலிருந்து விட வேண்டிய நீரையும் கப்பல்களின் அடித்தொட்டி நீர்ச் சோதனையையும் சேர்த்து முடிவு செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், தூத்துக்குடி