“கொலு எங்கேம்மா?” என்று கேட்டவருக்கு

தங்கம் என்ற சிறுமி துப்பறிகிற என் கதைப் புத்தகத்தின் முதல் கட்டு நேற்று சாயங்காலம் அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. இன்னும் நம்ப முடியவில்லை. ஆறப்போட்டால் சொல்ல வேண்டியது சொல்லாமலே போய்விடும் என்று இப்போதே எழுதுகிறேன். எழுதி வைத்திருந்த அத்தியாயங்கள் தொலைந்துபோய் இந்த நாலு மாதம் பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும், மறுபடியும் அதற்குள் போகவில்லை.

தொலைந்த அத்தியாயங்களைப் பழைய மின்னஞ்சல்களில் தேடி எடுத்துக் கொடுத்தவர்கள், ராத்திரி கண்விழித்துத் திரும்பத் தட்டச்சு செய்த மூன்று பேர், புத்தகம் வருமா வராதா என்று தெரியாமலே பணம் அனுப்பிய வாசகர்கள், “தங்கம் திருடனைக் கண்டுபிடிச்சாளா இல்லையா?” என்று விடாமல் கேட்ட எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், எல்லோருக்கும் மனசார நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடை அம்மா.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1914 செப்டம்பர் 22, முதல் உலகப் போர் சமயம், ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்குகிறது, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிகின்றன, அந்தக் குழப்பத்தில் ஒரு கிட்டங்கியிலிருந்து கணக்குப் புத்தகம் காணாமல் போகிறது. தம்புச்செட்டித் தெருவில் இருக்கும் பன்னிரண்டு வயதுத் தங்கம் அதைத் தேடுகிறாள். அந்தக் காலத்துப் பெண்பிள்ளை எப்படி வீடு வீடாகப் போய் விசாரிப்பாள்? அண்ணன் சட்டையைப் போட்டு அனுப்பினேன். எனக்கே அது ஒட்டவில்லை.

மீட்டெடுத்த பக்கங்களைப் பிரதி எடுக்கப் போனபோது அந்த அம்மா ஒவ்வொரு தாளாக அடுக்கித் தட்டி ஒழுங்கு செய்துகொண்டே படித்திருக்கிறார். ஸ்டேப்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “ஏம்மா, செப்டம்பர் கடைசின்னா புரட்டாசி. கொலு எங்கேம்மா? ஒரு வீட்டுலகூட இல்லையே?”

வீட்டுக்கு வந்து அந்த ஆனந்த வருஷத்துப் புரட்டாசியைக் கணக்குப் பார்த்தேன். செப்டம்பர் 19 மகாளய அமாவாசை. 20 நவராத்திரி ஆரம்பம். குண்டு விழுந்தது கொலுவின் மூன்றாம் நாள்!

எத்தனையோ வருஷம் எம்டனைப் பற்றிப் படித்திருக்கிறேன், உயர்நீதிமன்றச் சுவரில் இருக்கும் கல்வெட்டின் முன்னால் போய் நின்றிருக்கிறேன், இது தோன்றவே இல்லை. அண்ணன் சட்டையைக் கழற்றியாயிற்று. இப்போது தங்கம் பாவாடையும் குங்குமச் சிமிழுமாகக் கொலுவுக்கு அழைக்கப் போகிறாள், எந்த வாசல் அவளுக்குத் திறக்காது? சுண்டலை வாங்கிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தால் பெரியவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழுமே. அப்புறம் இன்னொன்று. நான் அவளை நிலா வெளிச்சத்தில் திருடனைப் பார்க்க வைத்திருந்தேன். அமாவாசை முடிந்து மூன்றாம் நாள் பிறை எட்டு மணிக்கெல்லாம் மறைந்துவிடும், ஒன்பதரைக்கு நிலா ஏது? அந்த இடத்தில் இப்போது எரிகிற எண்ணெயின் வெளிச்சம் இருக்கிறது. நிலாவில் பார்த்தேன் என்று சாட்சி சொல்பவன் பொய் சொல்கிறான் என்று தங்கம் பிடித்துவிடுகிறாள். கதையின் முடிச்சே அதுதான் என்றாகிவிட்டது.

கையில் இருந்ததைச் சேர்த்து வைத்தாலே போதும் என்று நினைத்திருந்த நேரம் அது. அந்த ஒரு கேள்விக்கு அப்புறம்தான் உட்கார்ந்து முழுசாகத் திருப்பி எழுத வேண்டும் என்ற தெம்பு வந்தது. மறுநாள் போய்ச் சொன்னேன். “அப்படியா” என்று சிரித்துவிட்டு ஜெராக்ஸ் காசை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டார்.

அம்மா, இனி நான் எழுதுகிற எந்தக் கதையும் உங்கள் கடை மேஜைக்கு வராமல் அச்சுக்குப் போகாது. முதல் பிரதியை இன்று காலை கொண்டுவந்தேன், கடை பூட்டியிருந்தது. ஊருக்குப் போயிருக்கிறீர்கள், திங்கட்கிழமை வருவீர்கள் என்று பக்கத்துப் பூக்கடையில் சொன்னார்கள். பை இங்கே மேஜை மேலேயே இருக்கிறது.