கையொப்பமிட்ட நூல் பரிசாகும்போது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கும்போதெல்லாம், “பங்கேற்பவர்களில் குலுக்கல் முறையில் தேர்வாகும் வாசகர்களுக்கு எழுத்தாளர் கையொப்பமிட்ட பிரதி பரிசு” என்ற அறிவிப்புகள் பதிப்பகங்களிடமிருந்தும் இலக்கிய அமைப்புகளிடமிருந்தும் வரத் தொடங்கிவிடுகின்றன. நல்ல வழக்கம்தான். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் இத்தகைய குலுக்கல்களை நடத்தும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில், அந்தப் பரிசின் மதிப்பை நாம் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறோமா என்பது பற்றிச் சில கருத்துகளைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

முந்நூறு ரூபாய் நூலைக் காட்சி அரங்கில் பத்து விழுக்காடு தள்ளுபடியில் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே பரிசாக வருவது உண்மையில் நூல் அன்று, அதன் முதல் பக்கத்தில் இருக்கும் நான்கைந்து எழுத்துகளே. சென்ற ஆண்டு எங்கள் குலுக்கலில் பரிசு பெற்ற கல்லூரி மாணவி ஒருவர் நூலை வாங்கியதும் அட்டையைக்கூடப் பார்க்காமல் தலைப்புப் பக்கத்தைத் திறந்தார். பிறகு அந்தத் தாளைத் திருப்பி, பேனா அழுத்தம் பின்புறம் புடைத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். எழுத்தாளரின் கை அந்தத் தாளின் மேல் இருந்தது என்பதற்கு அவருக்கு அதுவே சான்றாக இருந்தது.

அந்தச் சான்று பொய்யாகிவிட்டால் பரிசில் எதுவும் மிஞ்சாது. 2022-இல் அமெரிக்காவில் புகழ்பெற்ற பாடகர் பாப் டிலனின் நூல் ஒன்றைத் தொள்ளாயிரம் பிரதிகள் மட்டும் அவரே கையொப்பமிட்டவை என்று கூறி, பிரதி ஒன்று 599 டாலருக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் தத்தம் பிரதிகளின் படங்களை ஒப்பிட்டபோது, அவை இயந்திரத்தால் இடப்பட்ட கையொப்பங்கள் என்பது வெளிப்பட்டது. பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. டிலனும் வருத்தம் தெரிவித்தார். விலை கொடுத்தவர்களுக்குப் பணமாவது திரும்பியது. பரிசு பெற்றவர் ஏமாந்தால் திருப்பிக் கேட்க அவரிடம் எதுவும் இல்லை. இலவசமாகக் கிடைத்ததைக் குறை சொல்வதா என்று வாயை மூடிக்கொள்வார். எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கையொப்பப் பிரதி என்று வந்த பரிசு நூலில், எழுத்தாளரின் பெயர் நூலின் மற்ற எழுத்துகளோடு சேர்த்து அச்சிடப்பட்டிருந்தது. அவர் யாரிடமும் முறையிடவில்லை.

முதுமையாலோ உடல்நலக் குறைவாலோ நூற்றுக்கணக்கான நூல்களைத் திறந்து கையொப்பமிட இயலாத எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். தனித்தாள்களில் ஒப்பமிட்டு, நூலைக் கட்டும்போது அதனோடு சேர்ப்பதும், ஒப்பமிட்ட சிறு வில்லைகளை (ஒட்டுச்சீட்டுகளை) உள்ளே ஒட்டுவதும் பதிப்புலகில் உள்ள நடைமுறைகளே. அவற்றில் இழிவு ஒன்றும் இல்லை. வில்லை என்றால் வில்லை என்று அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பழைய நூல் விற்பனையில், அறியப்படாத ஒருவரின் பெயருக்கு எழுதித் தந்த பிரதியைவிட வெறும் கையொப்பம் மட்டுமே உள்ள பிரதி எளிதில் விலைபோகும். சக எழுத்தாளருக்கோ புகழ்பெற்றவருக்கோ எழுதித் தந்ததாக இருந்தால் கணக்கு தலைகீழாகும். இந்தச் சந்தைக் கணக்கைப் பார்த்து, “பெயர் எழுத வேண்டாம், ஒப்பம் மட்டும் போதும்” என்று சில அமைப்பாளர்கள் எழுத்தாளரிடம் கேட்டுக்கொள்கிறார்கள். பரிசைப் பொறுத்தவரை இது தவறு என்பதே என் கருத்து. மறுவிற்பனைக்கு உதவாத அந்தப் பெயர்தான், பெறுபவருக்கு நூலைத் தமக்கே உரியதாக்குகிறது. பள்ளிப் போட்டிகளில் தரும் நூலின் உள்ளட்டையில் மாணவர் பெயர், போட்டியின் பெயர், ஆண்டு ஆகியவற்றை எழுதிச் சீட்டு ஒட்டித் தந்த ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

நடைமுறையில் இதற்குத் தடையாக இருப்பது வரிசை மாறுவதுதான்: எழுத்தாளர் ஊருக்கு வரும் நாளில் ஒரு கட்டு நூல்களில் ஒப்பம் வாங்கி வைத்துக்கொண்டு, குலுக்கலை அதற்குப் பிறகு நடத்துகிறோம். குலுக்கலை முதலில் முடித்து, பெயர்களைத் தெளிவாக எழுதிய துண்டுச் சீட்டை ஒவ்வொரு நூலின் தலைப்புப் பக்கத்திலும் செருகி எழுத்தாளரிடம் கொடுத்தால், நூல் ஒன்றுக்குக் கூடுதலாக அரை நிமிடம்கூட ஆகாது. எங்கள் வட்டத்தில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். எந்த எழுத்தாளரும் இதுவரை மறுத்ததில்லை.

தங்கள் நாளிதழின் வாசகர் போட்டிகளிலும் நூல்கள் பரிசாக வழங்கப்படுகின்றன. இனி கையொப்பப் பிரதிகளை அறிவிக்கும்போது, ஒப்பம் நூலிலேயே இடப்பட்டதா, தனித்தாளா, வில்லையா என்பதையும், வெற்றி பெற்றவரின் பெயர் எழுதித் தரப்படுமா என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் தொடங்கினால் பதிப்பகங்களும் பின்பற்றும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் வட்டப் பொறுப்பாளர் ஒருவர்,
மதுரை.