1899ஆம் ஆண்டின் சுவானி அணி: உரைக்குத் துணைநின்றோர்க்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

டென்னசியில் உள்ள எங்கள் வாசகர் வட்டத்தில் சென்ற ஞாயிறன்று, 1899ஆம் ஆண்டின் சுவானி கல்லூரி அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணியைப் பற்றி நான் ஆற்றிய உரைக்கு உதவியவர்களுக்கு மேடையில் இரண்டே வரியில் நன்றி கூறி இறங்கிவிட்டேன். அது போதாது என்று வீடு திரும்பும் வழியிலேயே தோன்றியதால் இம்மடல்.

பழைய நாளிதழ்ப் படச்சுருள்களைத் தேடித் தந்த நூலகப் பணியாளரை முதலில் குறிப்பிட வேண்டும். கம்பர்லாந்து மேட்டுநிலத்தின் மேல் அமைந்த அச்சிறு கல்லூரியின் அணி ரயிலில் ஏறக்குறைய 2,500 மைல் பயணம் செய்து, பிற கல்லூரி, பல்கலைக்கழக அணிகளுடன் மோதி, ஆஸ்டினில் டெக்சஸை 12-0, ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம்மை 10-0, நியூ ஆர்லியன்ஸில் டுலேனை 23-0, பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 34-0, மெம்ஃபிஸில் மிசிசிப்பியை 12-0 என வென்றது. இவை ஐந்தும் ஐந்து நாட்களில் நடந்தன என்றே நான் எழுதி வைத்திருந்தேன். அவர்தாம் நவம்பர் 12 ஞாயிற்றுக்கிழமை என்பதைக் காட்டி, 9 முதல் 14 வரை ஆறு நாட்கள், நடுவே ஒருநாள் ஓய்வு என்று திருத்தினார்.

அண்டை வீட்டுக்காரரான ஓய்வுபெற்ற பள்ளிப் பயிற்சியாளர் தமிழ் அறியாதவர். இம்மடலை அவருக்கு வாய்மொழியாகத்தான் சொல்ல வேண்டும். எங்கள் பல்லாங்குழிச் சோழிகளைப் பக்கத்துக்குப் பதினொன்றாக உணவு மேசையில் பரப்பி, முன்னோக்கிப் பந்தெறிய 1906ஆம் ஆண்டுவரை அனுமதி இல்லாததையும், பந்தைத் தக்கவைக்க மூன்று முயற்சிகளில் ஐந்து கெஜம் கடந்தாக வேண்டியிருந்ததையும், எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்க்கும் டச் டவுனுக்கு ஐந்து புள்ளிகளே வழங்கப்பட்டதையும் அவர் விளக்கினார். எல்லாச் சோழிகளையும் நடுவில் ஒரே குவியலாகத் தள்ளி, "அந்நாளைய ஆட்டம் இதுதான்" என்றார். அப்படி ஓர் ஆட்டத்தை 21 வீரர்களை மட்டும் அழைத்துச் சென்று அடுத்தடுத்து ஆடினார்கள் என்பதன் கடுமை அந்தக் குவியலைக் கண்ட பிறகே எனக்கு உறைத்தது.

பின்வரிசையில் அமர்ந்திருந்த மூத்த அம்மையாருக்கு நான் மிகவும் கடன்பட்டவன். வருவாய்ப் பங்கீட்டுத் தகராறால் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துடனான ஆட்டம் நின்றுபோனதையும், பிற்காலத்தில் அமெரிக்க மேலவை உறுப்பினரான மேலாளர் லூக் லீ அந்த இழப்பை ஈடுசெய்ய இப்பயணத்தை ஏற்பாடு செய்ததையும் நான் பத்து நிமிடம் பேசினேன். அம்மையாரோ, "அத்தனை ஆட்டம் ஆடின காலை யாருப்பா பிடிச்சுவிட்டது?" என்று கேட்டார். அணியுடன் சென்ற உடற்பயிற்றுநரின் பெயர் கால் பரோஸ் என்றதும் அரங்கம் சிரித்தது. பெயர்ப் பொருத்தத்துக்காக நானும் சிரித்தேன். ஆனால் அவர் கறுப்பினத்தவர் என்பதையும், அவர் இனத்து மாணவர் எவருக்கும் அக்கல்லூரியில் அந்நாளில் இடமில்லை என்பதையும் சொன்னபோது அம்மையார், "அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்க வேண்டும்தான். வீரர்களின் உடம்பைத் தேய்த்துவிட்டு மறுநாள் களத்தில் நிற்கவைத்தவருக்கு என் குறிப்பேட்டில் அரை வரியே இருந்தது. அச்சுக்குப் போகும் படியில் அவருக்குத் தனிப்பகுதி சேர்த்துள்ளேன்.

கல்லூரியைப் பார்க்க மலைமேல் என்னைக் காரில் அழைத்துச் சென்ற நண்பருக்கும், ஒலிபெருக்கியைச் சரிசெய்த இளைஞர்களுக்கும் நன்றி.

இறுதியாக, முன்வரிசையில் பென்சிலுடன் அமர்ந்திருந்த சிறுவனுக்கு. அந்தப் பருவத்தில் சுவானி ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களில் அது எடுத்த புள்ளிகளையும் என் திரையிலிருந்தே கூட்டிப் பார்த்து, மொத்தம் 322 வரவேண்டும், நீங்கள் 312 என்று போட்டிருக்கிறீர்கள் என்று எழுந்து நின்று சொன்னான். எதிரணிகள் அந்தப் பருவம் முழுவதும் எடுத்த பத்துப் புள்ளிகளை நான் கவனக்குறைவாகக் கழித்துவிட்டிருந்தேன். அந்தப் பத்தையும் எடுத்தது ஜான் ஹைஸ்மன் பயிற்றுவித்த ஆபர்ன் அணி ஒன்றே. நவம்பர் 30 அன்று 11-10 என்று தப்பிய சுவானி, இரண்டு நாள் கழித்து வட கரோலினாவை 5-0 என வென்று பருவத்தை முடித்தது. தம்பி, திரையில் எண்ணைத் திருத்திவிட்டேன்.

நன்றியுடன்,
உரையாற்றியவன்