‘இன்னைக்குப் போட்டதா?’ என்று கேட்டால்

நெடுங்காலமாகப் பேக்கரியும், சீஸ், இறைச்சி, சாண்ட்விச் விற்கும் டெலியும் சேர்த்து நடத்திவரும் முதலாளிகளுக்கும், காலை முதல் கவுன்டருக்குப் பின்னால் நின்றபடியே வேலை பார்ப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் வாடிக்கையாளர். இணையத்தில் நட்சத்திரம் போடுகிறவன் இல்லை. பையை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறவன். அப்பா தொடங்கி மகன் நடத்தும் கடை, நோட்டுக் கணக்கு கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் கண்ணாடி அலமாரியின் மூலையில் பழைய கீறல் அப்படியே இருக்கும் கடை, இந்த மாதிரிக் கடைகளுக்குத்தான் இந்த மடல். இதில் வரும் சம்பவங்கள் எங்கே நடந்தவை என்று சொல்லப்போவதில்லை. படிக்கும்போது ‘இது நம்ம கடை மாதிரி இருக்கே’ என்று தோன்றினால், சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சனிக்கிழமை காலை. நீள ரொட்டி ஒன்றைக் காட்டி, “இன்னைக்குப் போட்டதா?” என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் “ஆமா” என்றார். வீட்டுக்கு வந்து கத்தியை வைத்ததுமே தெரிந்துவிட்டது. புது ரொட்டி என்றால் மேலோடு சடசடவென்று நொறுங்கும், உள்ளே இருப்பது அமுங்கி எழும். இது அப்படியே தலைகீழ். மேலோடு தோல் மாதிரி இழுத்தது. உள்ளே இருந்தது பொடிப்பொடியாகப் பலகையில் உதிர்ந்தது. அந்த ரொட்டியைச் சாப்பிட்டோம், அதில் ஒன்றும் குறையில்லை. ஆனால் அந்த “ஆமா” தொண்டையில் நின்றது.

சில வாரம் கழித்து அதே கடை, அதே கேள்வி, கவுன்டரில் வேறொரு பையன். ரொட்டியைக் கையில் எடுத்து லேசாக அழுத்திப் பார்த்தான். “இது நேத்தையது சார். சூடு பண்ணிச் சாப்பிட்டா நல்லா இருக்கும். இன்னைக்குப் போட்டது இன்னும் அரை மணி நேரத்துல வரும், நிக்கிறீங்களா?” என்றான். நின்றேன். நின்ற நேரத்தில் சும்மா இருக்க முடியுமா? சீஸ் கொஞ்சம் வெட்டச் சொன்னேன், ஆலிவ் ஒரு டப்பா எடுத்தேன், புது ரொட்டி வந்ததும் வாங்கினேன். கிளம்பும்போது அந்த நேற்றைய ரொட்டியையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன். பொய் சொல்லி ஒரு ரொட்டி விற்றது உங்கள் கடை. உண்மை சொல்லி இரண்டு ரொட்டியும் மற்றதும் விற்றதும் உங்கள் கடைதான்.

நேற்றைய ரொட்டி என்பது மறைக்க வேண்டிய விஷயமே இல்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ரொட்டி காய்வதால்தான் பழசாகிறது என்று எங்களில் பலர் நினைக்கிறோம். பிரெஞ்சு வேதியியலாளர் பூசங்கோ 1852-லேயே ஈரம் வெளியேறாதபடி அடைத்து வைத்த ரொட்டியும் பழசாவதைக் காட்டிவிட்டார். அடுப்பில் குழைந்து நெகிழ்ந்த மாவுச்சத்து, ஆறியபின் மெல்ல மெல்ல மீண்டும் படிகமாக இறுகுவதுதான் பெரும்பகுதிக் காரணம். ஃப்ரிட்ஜின் குளிரில் அது இன்னும் வேகமாக நடக்கும். ஃப்ரீசரில் ஏறக்குறைய நின்றுவிடும். ரொட்டியின் உள்பக்கம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்படி சூடாக்கினால் இறுகியது திரும்ப இளகி, கொஞ்ச நேரத்துக்குப் புது ரொட்டி மாதிரியே இருக்கும். அந்தப் பையன் சொன்ன “சூடு பண்ணிச் சாப்பிட்டா நல்லா இருக்கும்” வெறும் சமாதானப் பேச்சு இல்லை, விஷயம் தெரிந்தவன் பேச்சு. ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், வெட்டி ஃப்ரீசரில் வையுங்கள் என்று பில்லோடு ஒரு வரி சொல்லி அனுப்பினால் எங்கள் வீடுகளில் எத்தனை ரொட்டி தப்பிக்கும்!

வாடிக்கையாளர் என்ற சொல்லுக்குள்ளேயே வாடிக்கை இருக்கிறது. உங்கள் கடைக்கு வருவதை நாங்கள் ஒவ்வொரு முறையும் யோசித்து முடிவு செய்வதில்லை. கால் தானாக வருகிறது. உங்கள் கடையில் ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். அவர் எதையும் கேட்பதே இல்லை. கதவு திறந்து அவர் தலை தெரிந்ததும், உள்ளே இருக்கும் அம்மா ஒரு சின்ன ரொட்டியை எடுத்துக் காகிதத்தில் சுற்றி, சுற்றிய முனையை உள்ளே செருகி வைத்துவிடுவார். பெரியவர் சரியான சில்லறையைக் கொடுப்பார். இரண்டு பேரும் வானிலையைப் பற்றி ஒரு வாக்கியம் பேசுவார்கள். அவ்வளவுதான். ஒரு முறை அவர் கையில் எடுத்ததும் நின்றுவிட்டார். ரொட்டியை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். எடை குறைந்திருக்கிறது. ஒன்றும் சொல்லவில்லை, பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நான் அங்கே பார்க்கவில்லை. வேறு காரணமாகவும் இருக்கலாம், வயதானவர். ஆனால் நீங்கள் அவரிடம் கேட்டீர்களா?

பழைய வாடிக்கையாளர் சண்டை போடமாட்டார். புதிதாக வந்தவர்தான் குரலை உயர்த்துவார், மேனேஜரைக் கூப்பிடு என்பார். பழகியவருக்குக் கூச்சம். இத்தனை வருடம் பார்த்த முகத்திடம் போய் ‘உங்க ரொட்டி முன்ன மாதிரி இல்லை’ என்று எப்படிச் சொல்வது? அதனால் சொல்லாமல் கொள்ளாமல் வருவதைக் குறைத்துக்கொள்கிறார். வாரத்தில் மூன்று நாள் இரண்டாகும், அப்புறம் ஒன்றாகும். குறை சொல்ல ஆளில்லை என்றால் குறையே இல்லை என்று நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்கள்.

எடையைக் குறைப்பதையே குற்றம் என்று நான் சொல்லவில்லை. கோதுமை விலை ஏறினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இங்கிலாந்தில் 13-ஆம் நூற்றாண்டில், 1266-ஐ ஒட்டி வந்ததாகச் சொல்லப்படும் ரொட்டிச் சட்டமே அப்படித்தான் இருந்தது: ரொட்டியின் விலை மாறாது, கோதுமை விலை ஏறினால் எடை குறையும், இறங்கினால் எடை கூடும். குறைக்க அனுமதி உண்டு. ஆனால் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்த அட்டவணைப்படிதான். எடையில் ஏமாற்றினால் தண்டனை. அளவைச் சுருக்கியபோது நீங்கள் கண்ணாடியில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தால் அந்தப் பெரியவர் முணுமுணுத்திருப்பார். வாங்கியும் இருப்பார்.

இதே கதைதான் மாவு விஷயத்திலும். முன்பு பின்கட்டில் விடியற்காலை மாவு பிசைந்து, புளிக்க வைத்து, சுட்டீர்கள். இப்போது சில வகைகள் பாதி வெந்து உறைந்த நிலையில் பெட்டியில் வருகின்றன, கடையில் கடைசிச் சூடு மட்டும். ஆள் கிடைப்பதில்லை, இரவு வேலைக்கு யாரும் வருவதில்லை, எனக்குப் புரிகிறது. ஆனால் பெயர்ப்பலகையில் இன்னும் ‘எங்கள் அடுப்பிலிருந்து’ என்றுதான் இருக்கிறது. அடுப்பு உங்களுடையதுதான், அதில் பொய்யில்லை. ஆனாலும் அந்த வாக்கியம் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பிரான்சில் 1998-இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். பிசைவது, புளிக்க வைப்பது, உருட்டுவது, சுடுவது எல்லாம் விற்கும் இடத்திலேயே செய்கிறவர்தான் ‘பூலான்ஜெரி’, அதாவது ரொட்டிக்கடை, என்று பலகை வைக்கலாம். தயாரிப்பின் எந்தக் கட்டத்திலும் உறைய வைத்திருக்கக் கூடாது. உங்களிடம் சட்டம் கேட்கவில்லை. எது பெட்டியில் வந்தது, எது உங்கள் கையில் பிசைந்தது என்று இரண்டு தட்டாகப் பிரித்து வையுங்கள், போதும். உங்கள் கையில் பிசைந்ததன் மதிப்பு அன்றைக்கே கூடிவிடும்.

டெலி பக்கம் வருகிறேன். இங்கே எனக்கு விளையாட்டுப் பேச்சு வராது.

எங்கள் வீட்டில் ஒரு குழந்தைக்கு எள் ஆகாது. ஒரு நாள் சாண்ட்விச்சைக் காட்டி “இதில் எள் இருக்கா?” என்று கேட்டேன். “பாருங்க சார், மேலே ஒண்ணும் இல்லையே” என்று பதில் வந்தது. மேலே இல்லைதான். மாவுக்குள்? தடவியிருக்கும் சாஸில்? பிரிட்டனில் 2016-இல் நடாஷா எட்னன்-லாபரூஸ் என்ற 15 வயதுச் சிறுமி, கடையில் வாங்கிய பாகெட் என்ற நீள ரொட்டி ஒன்றைச் சாப்பிட்டு, விமானத்தில் ஒவ்வாமை தாக்கி இறந்துபோனாள். எள் மாவோடு சேர்த்துச் சுடப்பட்டிருந்தது, வெளியே தெரியவில்லை, உறையிலும் எழுதியிருக்கவில்லை. அவள் பெற்றோர் போராடியதால் அங்கே 2021 அக்டோபர் முதல் கடையிலேயே தயாரித்துப் பொதிந்து விற்கும் உணவிலும் எல்லாப் பொருள்களையும் எழுத வேண்டும், 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் தனியாகத் தெரியும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

அதனால் கவுன்டரில் நிற்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். “ஒண்ணும் ஆகாது” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். “எனக்குத் தெரியாது, உள்ளே கேட்டுச் சொல்றேன்” என்பது நான் கேட்க விரும்பும் பதில்களிலேயே முதலிடம். அந்தப் பதிலைச் சொன்னவரைப் பின்னால் நிற்கும் வரிசை முறைத்தால் நான் திரும்பி அந்த வரிசையிடம் பேசிக்கொள்கிறேன்.

இறைச்சியும் சீஸும் சீவும் ஸ்லைசர் இயந்திரமும் அப்படித்தான். மெல்லியதாக வேண்டுமா, தடிமனாக வேண்டுமா என்று கேட்டு, எண் போட்ட அந்தத் திருகை நகர்த்தி, முதல் துண்டை விரலில் தூக்கிக் காட்டி “இப்படிப் போதுமா?” என்று கேட்பீர்களே, அந்தக் கணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் சீஸ் வெட்டிய கத்தியிலேயே இறைச்சி வெட்டுவதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. லிஸ்டீரியா என்ற கிருமி மற்றக் கிருமிகளைப் போல ஃப்ரிட்ஜ் குளிரில் அடங்கிப் போவதில்லை, மெதுவாக வளர்ந்துகொண்டே இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் அது மிகவும் ஆபத்து. தென்னாப்பிரிக்காவில் 2017, 2018-இல் வேகவைத்துப் பதப்படுத்திய இறைச்சியால் பரவி, ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பாதித்து, 200-க்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. தொடர்ந்து பயன்படுத்தும் ஸ்லைசரை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்ய வேண்டும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதித் தொகுப்பு சொல்லும் கணக்கு. மேலே துணியால் துடைப்பது கணக்கில் வராது. கழற்றிக் கழுவ வேண்டும். கழுவும் நேரத்தில் நாங்கள் காத்திருப்போம். ‘கழுவிக்கொண்டிருக்கிறோம், பத்து நிமிடம்’ என்ற அட்டையைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர் போகட்டும்.

அப்புறம் இந்த வரிசை விவகாரம். தெரிந்த முகம் என்பதற்காக என்னை முன்னால் கூப்பிட்டு, எனக்கு முன் நின்ற பெண்ணைக் காக்க வைத்தீர்கள். அந்த நேரம் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். வெளியே வந்தபோது அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அவர் உங்கள் கடைக்கு அன்றுதான் முதல் தடவை வந்திருந்தார் என்று நினைக்கிறேன். எதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னையும் ஒரு காலத்தில் அப்படித்தான் உங்கள் அப்பா பார்த்திருப்பார். அவர் என்னிடம் ஒரு துண்டு நீட்டி “ருசி பார்த்துச் சொல்லு தம்பி” என்றார். அதற்குப் பிறகு நான் வேறு கடைக்கே போகவில்லை.

எங்கள் பக்கமும் அழுக்கு உண்டு. இடுக்கி இருந்தும் கையால் அழுத்திப் பார்க்கிறோம். ஐந்து பேரை நிறுத்திவிட்டுக் கைபேசியில் வீட்டுக்குப் பேசி ‘எது வேணும்’ என்று விசாரிக்கிறோம். கடை மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்து ஏன் ஒன்றுமே இல்லை என்று கோபப்படுகிறோம். அலமாரி காலியாவதுதான் நல்ல பேக்கரியின் அடையாளம் என்று தெரிந்தும் கேட்கிறோம். ஒரு மூட்டை கோபத்தை வாங்கிக்கொள்வது சம்பளத்தில் சேராத வேலை.

அதனால் முதலாளிகளே, கடைசியாக உங்களிடம். அந்த முதல் ஆள் “ஆமா” என்று சொன்னது அவருடைய பொய் என்று நான் நினைக்கவில்லை. நேற்றைய ரொட்டி மிஞ்சினால் யார் திட்டு வாங்குவார்? மாவில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தால் ‘வரிசையை விட்டுட்டு எங்கே போனே?’ என்று கேட்கிறவர் யார்? உண்மையைச் சொன்னதற்காக எந்தப் பையனும் திட்டு வாங்க மாட்டான் என்று காலையில் கடை திறக்கும்போது அவர்களிடம் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது பையனைக் கொஞ்ச நாளாகக் கவுன்டரில் காணவில்லை. வேலையை விட்டுவிட்டானா, பின்கட்டுக்கு மாற்றிவிட்டீர்களா?

வரும் சனிக்கிழமை வழக்கம்போல வருவேன். நீள ரொட்டியைக் காட்டி அதே கேள்வியைத்தான் கேட்பேன்.

இப்படிக்கு,
வரிசையில் நான்காவதாக நிற்கும் உங்கள் வாடிக்கையாளர்